தூக்கும் பலமும் தாங்கும் அளவும்

 

நம் வீட்டுச் சிறு பிள்ளைக்குக்கூட 'ஜே.சி.பி.' என்றால் என்னவென்று தெரியும். மஞ்சள் நிறம், முன்னே அகன்ற பக்கெட், பின்னே மடங்கி நீளும் ஒரு கை. தெருவில் அது வந்துவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையும் மறந்து நின்றுவிடுகின்றனர். ஆனால் அந்த மூன்று எழுத்துகளும் ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பெரியவர்களிலும் பலர் அறியார். ஜோசஃப் சிரில் பாம்ஃபோர்ட் என்பதன் முதலெழுத்துகளே அவை. அந்த மனிதரின் பெரிய தொழிற்சாலையும் ஒரு காலத்தில் நம்மூர் வெல்டிங் பட்டறையைவிடச் சிறிய ஓர் அறையில் தொடங்கியதுதான் என்பது அதைவிட வியப்பான செய்தியாகும்.

இம்மாதம் அந்த அறையிலிருந்து தொடங்கி நம் கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வரை சற்றே நடந்து வருவோம். தோட்டத்துச் சின்ன டிராக்டருக்கு முன்னால், மண்ணும் எருவும் அள்ளும் பக்கெட் ஒன்றைத் தம் கையாலேயே கட்டிவிட முனைவோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்காகவும், அவர்களை எண்ணிக் கவலைப்படும் வீட்டாருக்காகவும் இதனை எழுதுகிறேன்.

பட்டறையில் பிறந்த இயந்திரங்கள்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் அட்டாக்ஸிட்டர் என்று ஒரு சிறு நகரம் உண்டு. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த 1945 ஆம் ஆண்டு, அக்டோபர் 23 அன்று, பாம்ஃபோர்ட் அங்கே வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்தார். அதன் அளவு 12 அடிக்கு 15 அடி. பழைய வெல்டிங் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. போரில் மிஞ்சிய இரும்பைக் கொண்டு, சாய்த்துக் கொட்டும் டிரெய்லர் ஒன்றைச் செய்து, அவ்வூர்ச் சந்தையிலேயே 45 பவுனுக்கு விற்றார். உழவர்களின் தேவையைக் கண்ணால் கண்டு, கையால் செய்து, சந்தையில் நிறுத்தினார். அவ்வளவுதான் தொடக்கம்.

1949-இல் 'ஃபோர்ட்ஸன் மேஜர்' என்னும் உழவு டிராக்டரின் முன்னால் பூட்டத்தக்க, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பக்கெட் ஒன்றை அவர் ஆக்கினார். 1953-இல் அதே டிராக்டரின் பின்புறம் தோண்டும் கையையும் சேர்த்தார். இன்று நாம் காணும் ஜே.சி.பி. இயந்திரத்தின் வடிவம் அப்போது பிறந்ததே. 1979-இல் அந்நிறுவனம் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டெல்லிக்கு அருகே ஹரியானாவின் பல்லப்கரில் உற்பத்தி தொடங்கியது. அதன் பின்னர்தான் அப்பெயர் நம் கிராமங்களின் அன்றாடப் பேச்சில் நுழைந்தது.

இன்னொரு கதையும் உண்டு. அது நம் பள்ளத்தாக்குக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்னும் சிற்றூரில் லூயிஸ் கெல்லர், சிரில் கெல்லர் என்ற சகோதரர் இருவர் பட்டறை வைத்திருந்தனர். பண்ணைக் கருவிகளைப் பழுது பார்ப்பதே அவர்களின் தொழில். வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் அவர்களை நாடி வந்தார். அவருடைய கொட்டகைக்குள் நெருக்கமாகத் தூண்கள். மேலே ஒரு தளம் வேறு. எச்சத்தை அள்ள ஆட்களால் மாளவில்லை. வழக்கமான டிராக்டரோ உள்ளே திரும்ப முடியவில்லை. தூண்களுக்கிடையே சுழன்று திரும்பக்கூடியதும், மேல்தளம் தாங்கும் அளவுக்கு எடை குறைந்ததுமான ஓர் இயந்திரம் அவருக்குத் தேவைப்பட்டது. கெல்லர் சகோதரர்கள் மூன்று சக்கரங்களில் நிற்கும் சிறு லோடர் ஒன்றைச் செய்து 1957-இல் அவரிடம் ஒப்படைத்தனர். அடுத்த ஆண்டு மெல்ரோ என்ற நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது. பின்னர் உலகெங்கும் 'பாப்கேட்' என்ற பெயரில் பரவிய சிறு லோடர்களுக்கு அதுவே மூதாதை.

இவ்விரு கதைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். 'உலகத்திலேயே பெரிய இயந்திரம் செய்வேன்' என்று புறப்பட்டவர் எவருமில்லை. இந்த உழவருக்கு, இந்தக் கொட்டகைக்கு, இந்தச் சுமைக்கு என்று அளந்து செய்தார்கள். அந்த அளவுதான் அவர்களை உயர்த்தியது.

நம் தோட்டங்களின் தேவை

இனி நம் ஊருக்கு வருவோம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கு நெடுகிலும் பசுமை விரிக்கிறது. நெல்லும் வாழையும் தென்னையும் இங்கே செழிக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்னீர் திராட்சை! 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றதை நாம் பெருமையோடு அறிவோம்.

திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைந்து பாருங்கள். வரிசை வரிசையாகக் கல்தூண்கள். ஆள் உயரத்துக்குச் சற்றே மேலாகக் கம்பிப் பந்தல். அதற்குள் ஜே.சி.பி. எங்ஙனம் நுழையும்? பந்தலுக்கடியில் கொடிக்கு எரு வைப்பதெல்லாம் கூடையில் சுமந்துதான். வாழைத் தோட்டத்திலும் அப்படியே. மழைக்கு முன் கண்மாயில் வண்டல் எடுக்க அரசு அனுமதி கிடைத்தாலும், கரையிலே கொட்டிய வண்டலைத் தோட்டத்துக்குள் பரப்புவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடுகிறது. ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தால் கூலி அதிகம். ஜே.சி.பி.க்கோ ஒரு மணி நேர வாடகையே ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அரை மணி நேர வேலைக்கு அதை அழைத்தால் வரவும் மாட்டார்கள்.

ஆகவேதான் 15, 20 குதிரைசக்தி கொண்ட மினி டிராக்டர் வைத்திருப்போர், 'இதன் முன்னால் ஒரு பக்கெட் இருந்தால்!' என்று எண்ணுகின்றனர். விலை கொடுத்தால் ஆயத்தமாகவே கிடைக்கும். எனினும் அந்த விலை எல்லாருக்கும் எட்டுவதில்லை. வளைகுடா நாடுகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வெல்டராகவும் ஃபிட்டராகவும் உழைத்துத் திரும்பிய கைகள் நம் மஹல்லாக்களில் எத்தனையோ உள்ளன. 'நானே செய்துவிட்டால் என்ன?' என்ற எண்ணம் அந்தக் கைகளுக்கு எழுவது இயல்பே.

அப்படி ஒருவருடைய தாயார், சில மாதங்களுக்கு முன் மாலை வகுப்பு முடிந்ததும் மதரஸா வாசலில் என்னிடம் கேட்டார்.

"ஹஜ்ரத், பதினொரு வருஷம் சவூதியில் வெல்டிங் வேலை பார்த்தான். வந்ததும் ஒரு கடை வைப்பான் என்று இருந்தோம். இப்போது அவன் அத்தாவுடைய சின்ன டிராக்டருக்குப் பக்கெட் கட்டப் போகிறேன் என்று இரும்பாக வாங்கிப் போடுகிறான். இது பிழைப்பா, விளையாட்டா? நீங்கள் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"பணம் வீணாகிவிடும் என்று பயப்படுகிறீர்களா அக்கா?" என்றேன்.

"பணம் போனால் சம்பாதிக்கலாம். செய்யப் போவது இவன். அதில் ஏறி உட்காரப் போவது அவன் அத்தா. அவருக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது ஹஜ்ரத்."

அந்தத் தாயின் சொல்லில் இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் இருந்தது. செய்பவர் ஒருவர், அதன்மேல் அமர்பவர் இன்னொருவர். அமர்பவரின் உயிர், செய்பவரின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத் ஆகும்.

முன்பாரமும் பின்பாரமும்

பக்கெட் கட்ட முனைவோர் பெரும்பாலும் முதலில் சிந்திப்பது, எவ்வளவு தூக்கும் என்பதையே. தூக்குவது எளிது. தூக்கியதை டிராக்டர் தாங்குமா என்பதே அரிய கேள்வி.

மாட்டு வண்டி ஓட்டிய நம் பாட்டனார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மூட்டைகளை முன்னால் அடுக்கினால் முன்பாரம். மாட்டின் கழுத்து நசுங்கும். பின்னால் அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பும், மாடு கால் ஊன்ற இயலாமல் தவிக்கும். மொத்தச் சுமை ஒன்றேதான். அது எந்த இடத்தில் அமர்கிறது என்பதே வேறு. பக்கெட் கட்டிய டிராக்டரிலும் நடப்பது இதுவே. வண்டிக்கு நடு அச்சு எப்படியோ, அப்படி இங்கே முன் அச்சு. தராசின் முள் அங்கே நிற்கிறது. ஒரு பக்கம் பக்கெட்; மறு பக்கம் டிராக்டரின் பின்பாகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டரின் எடை 750 கிலோ என்று கொள்வோம். முன் அச்சில் 300, பின் அச்சில் 450. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.4 மீட்டர். முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் நீளும் பக்கெட்டில் 200 கிலோ மண்ணை ஏற்றுகிறோம். முன் அச்சின்மேல் கூடும் சுமை எவ்வளவு? 200 என்று பலரும் சொல்வர். அஃது அன்று! ஏறத்தாழ 343 கிலோ கூடும். ஏனெனில், தராசுத்தட்டு முன்னால் தாழும்போது பின்னால் இருந்த 143 கிலோவையும் அது பின் அச்சிலிருந்து பிடுங்கி முன்னுக்குக் கொணர்ந்துவிடுகிறது. 300 கிலோ சுமந்து பழகிய முன் அச்சு இப்போது 643 கிலோ சுமக்கிறது. 450 கிலோவோடு மண்ணைப் பற்றியிருந்த பின் சக்கரம் 307 கிலோவோடு நிற்கிறது. இவற்றோடு, கட்டிய கைகளும் சட்டமும் பக்கெட்டும் தம் எடையாக 150 கிலோ சேர்த்தால் நிலைமை இன்னும் முன்னுக்குச் சாயும்.

பின் சக்கரத்தில்தானே இழுவை இருக்கிறது? மினி டிராக்டர்கள் பலவற்றில் பிரேக்கும் அங்கேதான். பின்பாரம் குறைந்தால் சரிவில் பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கிச் செல்லும். முன்பாரம் மிகுந்தால் ஸ்டியரிங் கனக்கும். முன் அச்சின் நடுப் பின்னும் பேரிங்கும் சீக்கிரமே தேய்ந்து முறியும்.

மருந்து எளியது. பின்னால் எதிர்ப்பாரம் கட்ட வேண்டும். கான்கிரீட் நிரப்பிய 150 கிலோப் பெட்டியொன்றைப் பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னே மாட்டினால், பின் அச்சில் 225 கிலோ கூடும். முன் அச்சில் 75 கிலோ குறையும். பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும் பயன் தரும். பாம்ஃபோர்ட் 1953-இல் பின்னால் பொருத்திய கனத்த தோண்டும் கை, முன் பக்கெட்டுக்கு எதிர்ப்பாரமாகவும் அமைந்ததைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

செய்து முடித்த பின் இக்கணக்கைச் சரிபார்க்கவும் வழி உண்டு. நெல் லாரிகளை எடை போடும் எடை மேடை நம் பக்கத்து ஊர்களில் இருக்கிறது. பக்கெட்டில் சுமையோடு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். பிறகு முழு வண்டியையும் நிறுத்திப் பாருங்கள். மொத்த எடையில் கால் பங்காவது பின் சக்கரத்தில் நிற்கவில்லையென்றால், ஒன்று சுமையைக் குறைக்க வேண்டும். அல்லது எதிர்ப்பாரத்தைக் கூட்ட வேண்டும்.

எண்ணெயின் வலிமை

தூக்குவது எளிது என்றேன். எவ்வளவு எளிது தெரியுமா?

உள்விட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டரில் எண்ணெய் தள்ளும் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்ற அழுத்தத்தில் எண்ணெய் வந்தால் ஒரு சிலிண்டர் 1,960 கிலோ வலிமையோடு தள்ளும். இரு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள்; ஆக 3,900 கிலோ! எனினும் சிலிண்டர், கை சுழலும் அச்சுக்கு அருகிலேயே முட்டுக் கொடுக்கிறது. பக்கெட் தொலைவில் இருக்கிறது. சிலிண்டரின் தூரத்தைப் போல் ஏழு மடங்கு தூரத்தில் பக்கெட் இருந்தால், அங்கே கிடைப்பது ஏழில் ஒரு பங்கு, அதாவது 560 கிலோ அளவு.

இந்த 560-ஐயும் முன்சொன்ன 200-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். டிராக்டர் பத்திரமாகத் தாங்குவது 200. எண்ணெய் தூக்க ஆயத்தமாக இருப்பது 560! பலம் தேவைக்குமேல் இருக்கிறது. அறிவுதான் அதற்குக் கடிவாளம் போட வேண்டும். அந்தக் கடிவாளத்திற்கு 'ரிலீஃப் வால்வு' என்று பெயர். குறித்த அழுத்தத்தை மீறினால் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும் சிறு வால்வு அது. அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தால் தூக்கும் பலம் 280 கிலோவாகும். கைகளும் பக்கெட்டும் தம் எடைக்காக அதில் ஒரு பங்கை விழுங்கியது போக, 200 கிலோவுக்குச் சற்று முன்பின்னாகவே எஞ்சும். அதற்குமேல் சுமை ஏற்றினால் பக்கெட் எழும்பாது. 'வேலை செய்யவில்லையே' என்று எவரும் வால்வைத் திருகிவிடலாகாது. எழும்பாமல் நிற்பதே அது செய்ய வேண்டிய வேலை!

வேகம் குறைவாக இருக்கிறதே என்றும் சிலர் அவசரப்படுவர். 400 மில்லிமீட்டர் நீளம் ஓடும் அத்தகைய இரண்டு சிலிண்டர்களை நிரப்ப ஒன்றரை லிட்டருக்குச் சற்றே கூடுதலாக எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் பம்ப்புக்கு அது ஒன்பது பத்து விநாடி வேலை. போதாதா? கூடை கூடையாய்ச் சுமந்த காலத்தை நினைத்தால் பத்து விநாடி ஒரு பொழுதா!

பக்கெட்டின் அளவிலும் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. 100 லிட்டர் கொள்ளும் பக்கெட்டில் மக்கிய தொழுவுரம் 60, 70 கிலோதான் இருக்கும். அதே பக்கெட்டில் ஈரமணல் 190 கிலோ இருக்கும். எருவுக்கென்று பெரிதாகச் செய்த பக்கெட்டை மணலில் இறக்கும்போதுதான் விபத்து நேர்கிறது. கண்ணுக்கு நிறைவது ஒன்றே; அச்சுக்குக் கனப்பது வேறு.

செய்வோரும் ஓட்டுவோரும் பேண வேண்டியவை

பெரும்பாலான டிராக்டர்களுக்கு லாரிக்கு உள்ளதைப் போன்ற தனிச் சேஸ் கிடையாது. என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்த உடலே அதன் முதுகெலும்பு. வார்ப்பிரும்பாலான அந்த உடலில் நேரே வெல்டிங் வைத்தால் விரிசல் காணும். எனவே பக்கெட்டின் பாரத்தைப் பின் அச்சு வரை கொண்டு செல்லும் தனிச் சட்டம் ஒன்றைச் செய்து, இருபுறமும் போல்ட் போட்டே பூட்ட வேண்டும். கழற்றவும் முடியும், டிராக்டரும் கெடாது. வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவதும் மறக்கலாகாது.

இரு கைகளையும் இணைக்கும் குறுக்குக் குழாய் வலுவாக இருக்கட்டும். பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் வேரிலோ கல்லிலோ மோதும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் காப்பது அதுவே. சுழலும் இடங்களில் கிடைத்த கம்பியை நறுக்கிப் போடாமல், லேத்தில் கடைந்த தரமான பின்னும், தேய்ந்தால் மாற்றத்தக்க புஷ்ஷும், கிரீஸ் வைக்கும் நிப்பிளும் அமைக்க வேண்டும்.

ஓட்டுவோர்க்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: சுமையைத் தாழ்த்திக் கொண்டு செல்லுங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குமேல் பக்கெட்டை உயர்த்தி வண்டியை நகர்த்தாதீர்கள். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊசலாடுவது. ஆகவே நான்கு சக்கரம் இருந்தும், சாயத் தொடங்கும்போது அது மூன்று கால் முக்காலியைப் போன்றதே. சுமை உயரத்தில் இருக்க, ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கினால் கவிழ்வதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். இறக்கும் பக்கெட்டைச் சட்டென்று நிறுத்தினால், அந்தக் கணத்தில் சுமை தன் எடையைவிடக் கூடுதலாக அழுத்தும். மெல்ல இறக்க வேண்டும்; மெல்ல நிறுத்த வேண்டும்.

தாய்மார்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. தூக்கி நிறுத்திய பக்கெட்டின் கீழே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பக்கெட்டில் ஏற்றிச் சவாரி விடவும் அனுமதிக்காதீர்கள். எண்ணெய்தான் அதைத் தாங்கி நிற்கிறது; ஒரு ஹோஸ் வெடித்தால் தாங்குவதற்கு எதுவுமில்லை. வேலை முடிந்ததும் பக்கெட் தரையில் படுத்திருக்க வேண்டும். பழுது பார்க்க உயர்த்தித்தான் ஆக வேண்டுமெனில், இரும்பு முட்டுக் கொடுத்த பின்னரே கீழே கை நீட்ட வேண்டும்.

இன்னொரு அபாயம் கண்ணுக்கே தெரியாதது. ஹோஸில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் எண்ணெய் நூல் போலப் பீறிடும். எங்கே ஒழுகுகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது நம் பழக்கம். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் எறும்புக்கடி போலத் தோன்றும்; வலியும் முதலில் அதிகம் இராது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடலாம். அட்டைத் துண்டை நீட்டித்தான் ஒழுக்கைத் தேட வேண்டும். தோலில் பட்டுவிட்டால், என்ன நடந்ததென்று சொல்லி, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. பதிவு செய்த வாகனத்தைப் பதிவு விவரங்களுக்கு மாறாக மாற்றியமைப்பதை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகிறது. கழற்றி மாட்டும் வகையில் செய்து, தோட்டத்துக்குள்ளே மட்டும் பயன்படுத்துவதும், சாலைக்குக் கொண்டு வருமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்வதும் அறிவுடைமை.

கைத்தொழிலின் கண்ணியம்

இவ்வளவு எச்சரிக்கை சொன்னதால், 'வேண்டாம் இந்த வேலை' என்று தடுப்பதாக எண்ணிவிடாதீர்கள். என் எண்ணம் அதற்கு நேர் மாறானது.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. பிள்ளை ஏட்டுப் படிப்புப் படித்தால் பெருமை. பட்டறைக்குப் போனால் 'படிப்பு ஏறவில்லை' என்ற பேச்சு. அதே பிள்ளை கடல் கடந்து அதே வெல்டிங் வேலையைச் செய்து பணம் அனுப்பினால் மட்டும் மரியாதை. ஊருக்குத் திரும்பி, கையில் கரியோடு நின்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். கைத்தொழிலை இப்படி மதிக்கும் சமுதாயத்தில் புதியது எப்படிப் பிறக்கும்?

நம் வரலாறு இப்படியா இருந்தது? தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பினால் போர்க்கவசம் செய்தார்கள் என்பதும், அதன் கண்ணிகளில் அளவு பேணுமாறு அவர்களுக்குப் பணிக்கப்பட்டதும் மக்தபில் ஓதும் பிள்ளைகளும் திருக்குர்ஆனிலிருந்து அறிந்த செய்திகள். இரும்பைப் பற்றிப் பேசும் இடத்திலேயே அளவும் பேசப்படுவதைச் சிந்திப்போர் சிந்திக்கட்டும். இன்று துருக்கியில் உள்ள தியார்பக்கிரில், அர்துக்கிய மன்னர்களின் அவையில் தலைமைப் பொறியாளராக விளங்கிய அல்-ஜஸரீ அவர்கள், 1206-இல் ஐம்பது பொறிகளைப் பற்றிய நூலை எழுதி முடித்தார்கள். நீரை உயர்த்தும் பொறிகள் ஐந்து அதில் உண்டு. பொறியைச் செய்த கையே எழுதிய நூலாதலால், வேறொருவர் அவற்றைச் செய்து பார்ப்பதற்கான அளவுகளும் படங்களும் அதில் இடம்பெற்றன.

நம் நாட்டிலும் இந்த மரபு மாண்டுவிடவில்லை. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற உழவர், 1994-இல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்பாதியை மாற்றி உழவுக் கருவி ஆக்கினார். 'புல்லட் சாந்தி' எனப்பட்ட அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இத்தகையோரைக் கண்டறிந்து ஊக்குவிக்கவே மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு 2000-இல் தேசிய புத்தாக்க நிறுவனம் அமைக்கப்பட்டது. பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய 'ஹனி பீ' இயக்கத்தின் தமிழ் இதழாக 'நம் வழி வேளாண்மை' மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. உழவர்களின் கை அறிவு ஏட்டில் ஏறத்தக்கது என்பதற்கு இவை சான்றுகள் அன்றோ?

அந்தத் தாயாரிடம் நான் சொன்னதும் இதுதான்: "மகனைத் தடுக்காதீர்கள் அக்கா. ஆனால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். 'எவ்வளவு தூக்கும்?' என்று ஊரே கேட்கும். நீங்கள், 'எவ்வளவுக்குமேல் தூக்காது?' என்று கேளுங்கள். அதற்கு அவன் எண்ணில் பதில் சொன்னால், எப்படி அளந்தான் என்று காட்டினால், அவன் அத்தா அதில் அமரலாம். பதில் சொல்லத் தடுமாறினால், வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்."

சகோதரர்களே! இந்தக் கேள்வியை எந்தப் பட்டறையிலும், எந்த வீட்டிலும், யாரும் கேட்கலாம். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இயந்திரம் செய்யும் பிள்ளையின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கட்டும். சுமையின் அளவைப் பக்கெட்டின் மேலேயே பெயிண்டால் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: எரு என்றால் நிறைய, மண் என்றால் பாதி, கல் கூடாது. எழுதியதை அவனும், அவனுடைய அத்தாவும், நாளை அந்த டிராக்டரை இரவல் கேட்டு வரும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் படிக்கட்டும்.

பலத்தைத் தந்த இறைவன் அதை அளவோடு ஆளும் அறிவையும் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக! அவர்தம் கைகளில் பரக்கத் செய்வானாக! இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.